தமிழ்க் கலைச்சொல் மடற்குழு
மறு: ரிப்பிளுக்கு என்ன சொல் போடலாம்?

கடலூர், பாலிடெக்னிக் ஆசிரியர்:
வணக்கம். திங்கட்கிழமை செய்முறை வகுப்பு, மேசைக்கணினி மின்வழங்கியைச் சோதிப்பது. கையேடு தமிழில் போகிறது. 12 வோல்ட் தடம் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே நிற்க வேண்டும் என்பது வரை எழுதிவிட்டேன். அதன்மேல் ஏறி ஆடும் சின்ன மின்னழுத்த அலை, அதாவது ரிப்பிள், முகட்டிலிருந்து அகடு வரை 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்ற வரியில் நிற்கிறேன். என்ன போடலாம்?

லாஸ்பேட்டை:
சிற்றலை. ஏற்கெனவே இருக்கிறதே.

நெய்வேலி:
வானொலி நேயர்களுக்குச் சிற்றலை என்றால் ஷார்ட்வேவ். அதைக் குழப்பாதீர்கள். குற்றலை போடலாம்.

லாஸ்பேட்டை:
பசங்க குற்றம் செய்த அலை என்று படிப்பார்கள்.

நெய்வேலி:
குற்றியலுகரத்தை அப்படியா படித்தீர்கள், அம்மா?

சிதம்பரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
திரை என்ற சொல் இருக்க அலைக்கு ஏன் அடைமொழி? கடலில் எழுவதும் திரை, முதுமையில் தோலில் விழுவதும் திரை. நரை திரை மூப்பு என்கிறோமே. மேற்பரப்பின் நெளிவுதான் இரண்டும். இன்னொன்று: அலுங்காமல் நலுங்காமல் என்கிறோம். மின்சுமை ஏறும்போது வோல்ட் இறங்குவது அலுங்கல், ரிப்பிள் நலுங்கல். இரட்டையாகவே கிடைக்கிறது.

நெய்வேலி:
திரையில் திரை தெரிகிறது என்று எழுத வேண்டிவரும், ஐயா. நலுங்கல் என்றால் கல்யாண வீட்டு நலங்கு நினைவுக்கு வருகிறது.

சிதம்பரம்:
நலங்கு வேறு, நலுங்கு வேறு. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

புதுச்சேரி, கணினி பழுதுபார்ப்பவர்:
எந்தச் சொல்லானாலும் சரி, அளக்கும் முறையை முதலில் எழுதுங்கள். மல்டிமீட்டரில் இது தெரியாது. ஸ்கோப்பை, அதாவது மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவியை, 20 மெகாஹெர்ட்சுக்கு மட்டுப்படுத்தி, அளக்கும் முனையில் 10 மைக்ரோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டையும் இணையாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கோப் கம்பி காற்றில் பிடிப்பதும் கணக்கில் சேரும். அப்புறம், கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் மின் இரைச்சலும் இரைச்சல், விசிறி போடுவதும் இரைச்சல். விசிறிக்குச் சத்தம் என்றே போடுங்கள். சும்மா ஓடும்போது அதை அளப்பதும் வீண். சுமை ஏறி உள்ளே சூடானால்தான் விசிறி வேகம் பிடிக்கும். கடையில் ரிப்பிள் என்றால் எல்லாருக்கும் புரிகிறது.

லாஸ்பேட்டை:
புரிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே விட்டால் இந்தக் குழு எதற்கு?

கடலூர்:
அச்சகம் இன்று மாலை கேட்கிறது. சிற்றலை என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ரிப்பிள். விசிறிக்குச் சத்தம். அளக்கும் முறையையும் சேர்த்துவிட்டேன், நன்றி.

நெய்வேலி:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

சிதம்பரம்:
அலுங்கலையாவது எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. உங்கள் கையேட்டில் அதற்கு "சுமைசார் மின்னழுத்த ஒழுங்கின்மை" என்று இருக்கிறது. வாய் வலிக்கிறது.