625-க்குப் பதில் இரண்டு 375?

சுந்தரம் பெரியப்பா: பல் வீக்கத்துக்கு மருத்துவர் அமாக்சிசிலின் கிளாவுலனேட் 625 என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று வேளை, ஐந்து நாள். வீட்டில் போன வருடத்து 375 ஓர் அட்டை அப்படியே இருக்கிறது. இரண்டாகப் போட்டுக்கொண்டால் 750. அதிகம்தானே? புதிதாக வாங்குவது வீண் செலவு.

கவிதா: பெரியப்பா, போட்டுவிடாதீர்கள். வகுப்பு முடிந்ததும் எழுதுகிறேன்.

சுந்தரம் பெரியப்பா: முப்பது வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவன் நான்.

மீனா அத்தை: வங்கியில் காலாவதித் தேதி பார்க்கும் வழக்கம் இல்லையா அண்ணா?

கவிதா: 625 என்பது ஒரே மருந்தின் அளவு இல்லை பெரியப்பா. அமாக்சிசிலின் 500 மில்லிகிராம், கிளாவுலனிக் அமிலம் 125. உங்கள் 375-இல் அமாக்சிசிலின் 250. ஆனால் கிளாவுலனிக் அமிலம் அதே 125. இரண்டு போட்டால் அமாக்சிசிலின் சரியாக 500 வரும், மற்றது 250 ஆகிவிடும். அது கூடினால் வயிற்றுப்போக்குதான் கூடும்.

செந்தில்: அப்படியென்றால் அந்த 125 எதற்கு அக்கா?

கவிதா: பெனிசிலின் குடும்பம் முழுவதிலும் பீட்டா-லாக்டம் என்ற நான்கு அணு வளையம் உண்டு. பாக்டீரியா தன் சுவரைக் குறுக்கே பின்னி இறுக்குவதற்கு வைத்திருக்கும் நொதியோடு அந்த வளையம் ஒட்டிக்கொள்கிறது. பின்னல் நின்றதும் சுவர் தாங்காமல் கிருமி வெடித்துச் சாகிறது. நம் செல்களுக்குச் சுவரே கிடையாது, நாம் பிழைத்தோம். ஆனால் பல கிருமிகளிடம் அந்த வளையத்தையே அறுக்கும் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதி இருக்கிறது. கிளாவுலனிக் அமிலத்திலும் அதே வளையம்தான். அதை அறுக்கப் போகும் நொதி அதிலேயே மாட்டிச் செயலிழந்துவிடும், அமாக்சிசிலின் தப்பிவிடும்.

சுந்தரம் பெரியப்பா: சரி, 625 வாங்குகிறேன். காலையில் இரண்டு, இரவில் ஒன்று என்று போடலாமா? மதியம் தூங்கிவிடுவேன்.

கவிதா: கூடாது. ஜென்டாமைசின் போன்ற ஊசியில் மருந்து எவ்வளவு உச்சத்துக்கு ஏறுகிறது என்பது முக்கியம். இங்கே உச்சத்தால் பயனில்லை. கிருமியைத் தடுக்கும் அளவுக்கு மேலே மருந்து எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதே கணக்கு. பெனிசிலின்களுக்கு ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையிலுள்ள நேரத்தில் ஏறத்தாழ பாதியாவது நிற்க வேண்டும். அமாக்சிசிலினோ சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும்.

செந்தில்: அப்பாவுக்கு டைபாய்டு வந்தபோது செஃப்ட்ரியாக்சோன் நாளுக்கு ஒரே ஊசிதானே போட்டார்கள்?

கவிதா: அது செஃபலோஸ்போரின் வகை, இதே பீட்டா-லாக்டம் வளையம் உள்ள உறவுக் குடும்பம். ஆனால் 85 முதல் 95 சதவீதம் வரை இரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பாதியாகக் குறைவதற்கே 6 முதல் 9 மணி நேரம்.

மீனா அத்தை: எனக்குச் சிறுவயதில் பெனிசிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்தது. அண்ணன் மாத்திரையில் அந்தப் பெயரே இல்லை, எனக்கு ஆகுமா?

கவிதா: அமாக்சிசிலினும் பெனிசிலின்தான் அத்தை! தொடவே வேண்டாம்.

மீனா அத்தை: மருந்துக்கடைக்காரர் செஃபலோஸ்போரினும் ஆகாது என்கிறாரே?

கவிதா: பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது என்பது பழைய கணக்கு. தொடக்ககால செஃபலோஸ்போரின்களில் பெனிசிலின் சிறிது கலந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். இப்போது 2 சதவீதம் அளவில்தான் சொல்கிறார்கள். பெரும்பாலும் வளையத்தால் வருவதில்லை, வளையத்தோடு ஒட்டியிருக்கும் பக்கச் சங்கிலி என்ற பகுதியால் வருவது. செஃபலோஸ்போரின்களில் செஃபலெக்சினின் சங்கிலி ஆம்பிசிலின் என்ற பெனிசிலினுடையதைப் போலவே இருக்கும், செஃபசோலினுடையது தனி. ஆனாலும் இதை வீட்டில் முடிவு செய்யாதீர்கள். தடித்தது மட்டுமா, மூச்சும் திணறியதா, ஊசி போட்டு எவ்வளவு நேரத்தில் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சுந்தரம் பெரியப்பா: 15 மாத்திரை வாங்கியாகிவிட்டது. சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

கவிதா: சாப்பிடத் தொடங்கும்போதே. வயிறு தொந்தரவு குறையும். காலை 6, மதியம் 2, இரவு 10 என்றால் நல்லது.

சுந்தரம் பெரியப்பா: இரவு எட்டரைக்கே சாப்பிட்டுவிடுவேன்.

கவிதா: அப்படியானால் காலை 6, மதியம் ஒன்றரை, இரவு எட்டரை. மதியம் அத்தை எழுப்பிவிடட்டும்.