ஊர்வகை மண்டபத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்த கதை

தக்கலைப் பக்கத்திலிருந்து:
2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்று எங்கள் ஊர்வகை கல்யாண மண்டபத்தில் பந்தி ஹாலின் தகர ஷீட் மொத்தமும் பிய்த்துக்கொண்டு போய்ப் பின்னால் வாழைத்தோட்டத்தில் கிடந்தது. நான்தான் அப்போது பொருளாளர், பாலிசி இருக்கே என்று தைரியமாக ஃபைலைப் பிரித்தால் மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் 'எஸ்டிஎஃப்ஐ நீக்கம்'. புயல், சூறாவளி, வெள்ளம் எதற்கும் பைசா கிடையாது. அன்றைய தீ பாலிசியில் இதை எடுத்துவிட்டால் பிரீமியம் குறையும். ஏஜென்ட் நம்ம ஊர் மருமகன்தான். "கமிட்டியில குறைச்சலாத்தானே கேட்டீங்க மாமா" என்றார். அதுவும் உண்மை, மூன்று கொட்டேஷனில் ஆகக் குறைந்ததற்குத்தான் கையெழுத்துப் போட்டோம். ஷீட்டுக்குத் தலைக்கட்டு வரி பிரித்தோம், ஏச்சு தனி.

அடுத்த தடவை ரேட்டை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தோம். ஏஜென்ட் கம்பெனிக்காக வேலை செய்பவர், புரோக்கர் நமக்காகப் பேச வேண்டியவர் என்பதே அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேர் போனிலேயே ரேட் சொன்னார்கள். மார்த்தாண்டத்திலிருந்து வந்த புரோக்கரம்மா கேட்காமலே லைசென்ஸை எடுத்து வைத்துவிட்டு, டீ வருவதற்குள் மாடி ஏறிவிட்டார். சுற்றுச்சுவர் மேல் சாய்ந்து நின்ற தென்னையைக் காட்டி, "இந்தச் சுவரைப் பாலிசியில எழுதியிருக்கா?" என்றார். எழுதவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர் வழுக்கி விழுந்து கேஸ் போட்டால் தீ பாலிசி தராது, அதற்குப் பொறுப்புக் காப்பீடு தனி என்பதையும் அவர்தான் சொன்னார்.

வெட்டூர்ணிமடத்திலிருந்து:
அண்ணாச்சி, 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் புயல், வெள்ளம் உள்ளேயே இருக்கு. 5 கோடி வரைக்குமான சொத்துக்கு அதுதான். ஆனா காப்பீட்டுத் தொகையில் நாங்கள் கோட்டை விட்டோம். சங்கக் கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஒரு கோடி ஆகும், போட்டிருந்தது 50 லட்சம். அந்த வருஷம் நவம்பர் மழையில் 2 லட்சம் நஷ்டம், பாதி மதிப்புக்குத்தானே போட்டிருக்கீங்கன்னு நஷ்டத்திலும் பாதிக்குத்தான் வந்தார்கள். போட்ட தொகை 15 சதவீதம் வரை குறைந்தால் கண்டுகொள்ள மாட்டார்களாம், எங்களது அதையெல்லாம் தாண்டிப் போச்சே. விற்றவரிடம் கேட்டால் "நீங்க சொன்ன தொகைதானே சார்" என்கிறார்.

குளச்சலிலிருந்து:
அந்தப் புரோக்கரம்மா நம்பரைத் தனியா அனுப்புங்க அண்ணாச்சி. எங்க கமிட்டியில் இந்த வாரம்தான் மூணு கொட்டேஷன் வந்திருக்கு, தலைவர் ஏற்கனவே ஆகக் குறைஞ்ச ரேட்டை வட்டம் போட்டு வச்சிருக்கார்.