தம்பியின் மாத்திரை ராமநாதபுரத்தில் கிடைக்குமா?

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். தம்பி விசைப்படகுக்குப் போகிறவன். தோள்வலிக்கென்று ஆரம்பித்த டேபென்டடால் என்ற வலி மாத்திரை, போதைப் பழக்கமாகி, கரைத்து ஊசியில் ஏற்றுகிற அளவுக்குப் போய்விட்டது. இப்போது அதிலிருந்து மீள மதுரையில் ஒரு டாக்டர் புப்ரெநார்பின் (இதுவும் அபின் வகை மருந்துதான்), நலாக்சோன் சேர்ந்த மாத்திரை கொடுக்கிறார். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, கரையும்வரை வாய் திறக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். ஒரு மாதமாக, பழைய மாத்திரையை விட்டால் வருகிற கைகால் குடைச்சல், மூக்கொழுகல் எதுவும் இல்லை. "போதைக்குப் போதையே மருந்தா?" என்று அம்மாவிடம் கேட்கிறார்கள், தினமும் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள்!

ஜூன் 14-ஓடு தடைக்காலம் முடிகிறது. கடலுக்குப் போக ஆரம்பித்தால் அடிக்கடி மதுரைக்கு ஓட முடியாது. ராமநாதபுரம் பக்கம் இந்த மாத்திரை தரும் அரசு மையம் உண்டா? சில நாள் மருந்தைக் கையில் கொடுப்பார்களா? தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். போதை மீட்பு உதவி எண் 14446-க்கும் கூப்பிடப்போகிறேன். சட்டென்று நிறுத்தச் சொல்லும் யோசனை மட்டும் வேண்டாம், அதை இரண்டு தடவை பார்த்துவிட்டோம்.