முட்டிக்குள்ள ஸ்டீராய்டு ஊசி: சர்க்கரை இருக்கிற அம்மாவுக்குப் போடலாமா?

காசிமேட்டுக் கரை:

அம்மாவுக்கு 61 வயசு. ரெண்டு முட்டியும் தேய்மானம், வலது பக்கம் வீக்கமும் இருக்கு. எக்ஸ்ரேல கிரேடு 3னு போட்டிருக்காங்க. 9 வருஷமா சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுறாங்க. போன மாசம் எடுத்த மூணு மாச சராசரி 7.8. பிரஷர் மாத்திரையும் உண்டு. சிறுநீரகத்துக்குப் பார்க்கிற கிரியாட்டினின் அளவு கொஞ்சம் ஏறினதால வலி மாத்திரையை டாக்டர் நிறுத்திட்டார். இப்போ வலது முட்டியில டெப்போங்கிற ஸ்டீராய்டு ஊசி 80 மி.கி. போடலாம்னு சொல்றார்.

விடியக்காலையில காசிமேட்டுல மீன் எடுத்து, மதியம் வரைக்கும் தண்டையார்பேட்டையில குந்தி உக்காந்து விக்கிற வேலை. "ஸ்டீராய்டு போட்டா எலும்பு உருகிடும், அப்புறம் ஊசி இல்லாம நடக்கவே முடியாது"ன்னு தெருவுல ஆளாளுக்குச் சொல்லி அம்மாவைப் பயமுறுத்தி வெச்சிருக்காங்க. எவ்வளவு நாள் தாங்கும், சர்க்கரை எவ்வளவு ஏறும், என்ன ஆனா ஆஸ்பத்திரிக்கு ஓடணும், எப்போ வேலைக்குப் போகலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எலும்பு ஓபி:

தம்பி, முதலில் அந்தப் பயத்துக்குப் பதில். எலும்பு பலமிழப்பது பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தினமும் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குகிறவர்களுக்கு வரும் பாதிப்பு. அவர்களில் சிலருக்கு இடுப்பு மூட்டின் பந்து எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து, அது நசுங்கியும் போகும். முட்டிக்குள் போடும் ஒரு ஊசியை அதோடு சேர்த்துப் பேசக் கூடாது. "ஊசி இல்லாமல் நடக்க முடியாது" என்பதும் சரியில்லை. மருந்தின் வேலை முடிந்ததும் பழைய வலி திரும்பி வரும், அவ்வளவுதான். அதைத்தான் பழக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

டெப்போ என்பது மெத்தில்பிரெட்னிசோலோன் அசிடேட். பால் போலக் கலங்கலாக இருக்கும். எளிதில் கரையாத அந்தத் துகள்கள் மூட்டின் உள்சவ்வில் தங்கி, வாரக்கணக்கில் அழற்சியை அடக்கும். தேய்ந்துபோன குருத்தெலும்பை வளர்க்காது. முட்டிக்கு 40 முதல் 80 மி.கி. வரை போடுவது வழக்கம். சர்க்கரை இருப்பதால் 40 போதுமா என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான் அது. வலி இரண்டு பக்கமும் இருந்தாலும் ஒரே நாளில் இரண்டு முட்டியிலும் போட்டுக்கொள்ள வேண்டாம். உடம்பில் சேரும் மருந்து இரட்டிப்பாகிவிடும்.

கூடவே லிக்னோகெயின் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்தைக் கலப்பார்கள். அதனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் வலியே தெரியாது. அது இறங்கியதும் வலி திரும்பும். "ஊசி வேலை செய்யல" என்று அன்று இரவே முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்டீராய்டின் பலன் 2 அல்லது 3 நாளில் ஆரம்பிக்கும், சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகும். தேய்மான முட்டியில் பெரும்பாலும் 4 முதல் 8 வாரம் தாங்கும். சிலருக்கு 3 மாதம், சிலருக்கு ஒன்றும் தெரியாமலே போகும்.

ஊசி போடும் அறையில் நீங்கள் கவனிக்க வேண்டியது: பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி தடவிய உடனே குத்தக் கூடாது, அது காய்ந்தால்தான் கிருமி சாகும். வீக்கம் இருப்பதால் முதலில் நீரை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது நல்லது. வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தால் ஊசியை மூட்டுக்குள் அப்படியே நிறுத்தி, சிரிஞ்சை மட்டும் மாற்றி மருந்தைச் செலுத்துவோம். கலங்கலாகவோ சீழ் போலவோ வந்தால் அன்று ஸ்டீராய்டு கிடையாது, நீர் பரிசோதனைக்குப் போகும். ஒரே மூட்டில் மாதக்கணக்கில் வீக்கம், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்று இருந்தால் மூட்டுக் காசநோய் இல்லை என்று உறுதியான பிறகே ஊசி. அம்மாவுக்கு இவை ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் மீன் வேலை செய்கிறவர்களுக்கு: கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண், காலில் முள் குத்திய காயம் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். இருந்தால் ஆறின பிறகு ஊசிக்குத் தேதி வாங்குங்கள்.

இனி, எப்போது ஓட வேண்டும். போட்ட அன்றோ மறுநாளோ வலி கூடினால் அது பெரும்பாலும் மருந்துத் துகள்களின் உறுத்தல். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வைத்தால் 48 மணி நேரத்துக்குள் தணியும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி ஆரம்பித்து நாளுக்கு நாள் ஏறினால், முட்டி சூடாகச் சிவந்து காலை ஊன்றவே முடியாமல் போனால், உள்ளே கிருமி போயிருக்கலாம். இது மிக அரிது. ஆனாலும் சர்க்கரைக்காரர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் வரலாம். உடனே ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வழியில் மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். மூட்டு நீரை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்ப்பதற்கு முன் மாத்திரை உள்ளே போனால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும்.

சர்க்கரை வார்டு சிஸ்டர்:

சராசரி 7.8 இருக்கறதால ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தினசரி அளவு 250, 300ன்னு ஓடிட்டிருந்தா அதை இறக்கிட்டுத்தான் போடுவாங்க.

ஊசி போட்ட சில மணி நேரத்துலயே சர்க்கரை ஏற ஆரம்பிக்கும். முதல் மூணு நாள்தான் உச்சம், பொதுவா ஒரு வாரத்துக்குள்ள பழையபடி வந்துடும். இதுல நிறைய பேர் ஏமாறுறது எங்கேன்னா, காலையில வெறும் வயித்துல மட்டும் பார்த்துட்டு "நார்மலா இருக்கு"ன்னு விட்டுடுவாங்க. ஸ்டீராய்டு சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற சர்க்கரையைத்தான் அதிகம் ஏத்தும். அதனால ஊசிக்கு முந்தின நாள் ஒரு தடவை பார்த்து எழுதி வெச்சுக்குங்க. அப்புறம் 7 நாள், வெறும் வயித்துல ஒண்ணு, மதியமும் ராத்திரியும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சு ஒண்ணு. 300ஐத் தாண்டினாலோ, தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி இருந்தாலோ அன்னிக்கே டாக்டரைப் பாருங்க.

கிளிமிபிரைடை நீங்களா ரெண்டாக்கிடாதீங்க. ஊசியோட வேகம் குறையும்போது அதே மாத்திரை சர்க்கரையைத் தாழ்த்திடும், விடியக்காலையில வெறும் வயித்தோட கிளம்புறவங்களுக்கு அது ரொம்ப ஆபத்து. எந்த அளவுக்கு மேல போனா எவ்வளவு கூட்டணும், எப்போ குறைக்கணும்னு முன்கூட்டியே டாக்டர் கையால எழுதி வாங்குங்க. பிரஷரும் கொஞ்சம் ஏறலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாருங்க. முகம் ரெண்டு நாள் சிவந்து சூடா இருக்கும், தூக்கம் கெடும். அதுக்குப் பயப்பட வேண்டாம்.

மருந்துக்கடை ஜன்னல்:

டெப்போ வயலை (மருந்துக் குப்பியை) வெளியில வாங்கிட்டு வரச் சொன்னா பேரை முழுசாப் படிங்க. மெத்தில்பிரெட்னிசோலோன் ரெண்டு உப்புல வருது. மூட்டுக்கு வேண்டியது அசிடேட். சோடியம் சக்சினேட்னு எழுதியிருந்தா அது நரம்புல போடுற, தண்ணியில கரையிற மருந்து. அவசரத்துல மாத்திக் கொடுத்துட்டா மூட்டுல தங்கவே தங்காது. டாக்டர் டிரையாம்சினோலோன்னு இன்னொரு ஸ்டீராய்டு எழுதியிருந்தா 10, 40ன்னு ரெண்டு பலம் உண்டு, சீட்டோட ஒத்துப்பாருங்க. அந்த மருந்து தோலுக்கடியில கசிஞ்சா அந்த இடம் வெளுத்து, கொழுப்பு கரைஞ்சு குழி விழும். முழங்கை, மணிக்கட்டு மாதிரி சதை இல்லாத இடத்துல இது அதிகம்.

வயலை ஃப்ரீசர்ல வைக்காதீங்க. ஒரு வயல் ஒருத்தருக்குத்தான், மிச்சத்தை அடுத்தவருக்குப் போட விடாதீங்க.

அம்மா இதுக்கு முன்னாடி மூட்டுவலிக்குன்னு பேர் இல்லாத பொட்டல மாத்திரை, பொடி ஏதாவது சாப்பிட்டிருக்காங்களான்னு நிதானமா கேளுங்க. அதுல ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க, திடீர்னு நிறுத்தவும் கூடாது. ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை, எச்ஐவி மருந்து சாப்பிடுறவங்களும் கட்டாயம் சொல்லணும். ரிட்டோனாவிர்ங்கிற எச்ஐவி மருந்து கூட டிரையாம்சினோலோன் சேர்ந்தா ஒரே ஊசியோட மருந்து உடம்பை விட்டுப் போகாம தேங்கிடும்.

காசிமேட்டுக் கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கேட்டுப் பார்த்தேன், பொட்டல மாத்திரை ஆறு மாசம் முன்னாடி கொஞ்ச நாள் சாப்பிட்டாங்களாம், டாக்டர்கிட்ட சொல்லிடுறேன். பலன் இருந்தா மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு போட்டுக்கிட்டே போகலாமா?

எலும்பு ஓபி:

போகக் கூடாது. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில் முழங்கால் தேய்மானம் உள்ள 140 பேரில் ஒரு பிரிவுக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை டிரையாம்சினோலோன் 40 மி.கி., மறு பிரிவுக்கு வெறும் உப்பு நீர் என்று 2 வருடம் போட்டார்கள். ஸ்டீராய்டு பிரிவில் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்தது, வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. தேவைப்படும்போது ஒன்று, குறைந்தது 3 மாத இடைவெளி, வருடத்துக்கு 3 அல்லது 4க்கு மேல் கிடையாது என்பதே வழக்கம். இரண்டாவது ஊசியின் பலன் 2 வாரம்கூட நிற்கவில்லை என்றால் மூன்றாவதைக் கேட்காதீர்கள். முட்டி மாற்று அறுவைக்குப் பேச்சு வந்தால் கடைசி ஊசியின் தேதியைச் சொல்லுங்கள். 3 மாதத்துக்குள் அறுவை செய்தால் தொற்று ஆபத்து கூடும். தேதி, எந்த முட்டி, மருந்து, அளவு நான்கையும் ஓபி சீட்டின் பின்னால் எழுதி வையுங்கள்.

பிசியோ பெரம்பூர்:

வேலைக்குப் போறது பத்தி யாரும் சொல்லல, அதுதான் முக்கியம். முதல் 2 நாள் வீட்டுக்குள்ள நடமாட்டம் மட்டும். குத்தின இடத்துல மீன் தண்ணி, ஐஸ் தண்ணி படவே கூடாது. ஒரு வாரம் கூடை தூக்க வேண்டாம். வலி குறைஞ்சதும் ஆளுங்க ரெண்டு மடங்கு வேலை பார்த்துடுவாங்க, முட்டி மறுபடி வீங்குறது அங்கேதான்.

மூணாம் நாள்ல இருந்து தொடைத் தசைக்குப் பயிற்சி. மல்லாந்து படுத்து, இடது முட்டியை மடக்கி, வலது காலை நேரா நீட்டி ஓர் அடி உயரம் தூக்கி 5 எண்ணி இறக்கணும். 10 தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை. அடுத்தது முட்டிக்கடியில சுருட்டின துண்டு வெச்சு, அதை அழுத்தி 5 எண்ணுறது. 2020ல வந்த ஆய்வுல ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ ஊசி போட்டவங்களைவிட பிசியோ செஞ்சவங்க வலியிலயும் நடமாட்டத்துலயும் நல்லா இருந்தாங்க. ஊசி வலியைக் குறைச்சுத் தர்ற அந்த ரெண்டு மாசத்துல தசையை ஏத்திடணும்.

குந்துறதை நிறுத்தணும். மீன் பலகையை மேசை உயரத்துக்கு ஏத்தி, அம்மா கால் தரையில படியிற மாதிரி, முட்டிக்குக் கொஞ்சம் மேல வர்ற ஸ்டூல் போடுங்க. அரிவாள்மணையைத் தரையில வைக்காம அதே பலகை மேல மரக்கட்டையில அடிச்சு நிறுத்திடுங்க, ஆடக் கூடாது. வலது முட்டிக்குக் கைத்தடி இடது கையில. படி ஏறும்போது இடது கால் முதல்ல, இறங்கும்போது வலது கால் முதல்ல. கழிவறை இந்திய முறையா இருந்தா மேல வைக்கிற நாற்காலி ஒண்ணு வாங்குங்க, அதை ஊசி போடுற நாளுக்கு முன்னாடியே வாங்கிடுங்க.