மனை விற்பனைக்கு இன்ஸ்டாகிராம்: புதுப்பிப்பு

செங்கல்பட்டுப் பக்கம் உள்ள எங்கள் மனைப்பிரிவைச் சமூக ஊடகங்களில் விளம்பரப்படுத்துவது பயன் தருமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களுக்காக இப்போதைய நிலையை எழுதுகிறேன்.

ட்ரோனில் எடுத்து இசை சேர்த்த காணொளிக்கு விருப்பக்குறிகள் குவிந்தன. ஆனால் நேரில் வந்தவர்களில் பெரும்பாலோர் வேறொன்றைப் பார்த்தவர்கள்: மழைக்கு மறுநாள் அணுகுசாலை சேறாகக் கிடப்பதையும், எல்லைக்கல் அருகே நின்று டிடிசிபி (அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் பெற்ற வரைபடத்தை விரித்து மனை எண்ணைக் காட்டுவதையும் கைப்பேசியிலேயே எடுத்த காணொளி அது. அவர்கள் முதலில் கேட்பது விலையை அல்ல, வில்லங்கச் சான்றை.

விளம்பரத்துக்கு ரெரா (மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையம்) பதிவு எண் அவசியமா என்று ஒருவர் கேட்டிருந்தார். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவை ரெராவில் பதியாமல் விளம்பரப்படுத்தவே கூடாது. சிறு ரீலும் இதற்கு விலக்கல்ல. ‘பேருந்து நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம்’ என்ற வரியையும் (எந்த வாகனத்தில் என்று எவரும் சொல்வதில்லை) நீக்கி, தொலைவைக் கிலோமீட்டரில் எழுதுகிறோம்; ஏனெனில் பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி இழப்படைந்தவர் அதே சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இழப்பீடு கோரலாம்.

பேஸ்புக்கில் கட்டண விளம்பரத்தை அடுத்த மாதம் தொடங்குகிறோம்.