இழை: ‘ரிலையபிலிட்டி’க்கு ‘நம்பகத்தன்மை’ போதுமா? (நாளை மாலை கெடு)

மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களே, உடற்கல்வி மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஏரோபிக் திறனை, அதாவது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தி நீண்டநேரம் உழைக்கும் திறனை, அளக்கும் தேர்வுகள் பற்றிய அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரே பத்தியில் அக்யூரசி (உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது), பிரிசிஷன் (எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்பது), ரிலையபிலிட்டி (மீண்டும் அளந்தாலும் ஒத்துவருவது) மூன்றும் வருகின்றன. முதல் இரண்டுக்கும் ‘துல்லியம்’ என்று போட்டேன். திரும்பப் படித்தால் ‘இத்தேர்வு துல்லியமானது, ஆனால் துல்லியமானதல்ல’ என்று நிற்கிறது! நாளை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

உடற்கல்வி ஆசிரியர்:
முதலில் தேர்வைப் பாருங்கள், சொல் தானே வரும். 1968-இல் வந்த, அமெரிக்க மருத்துவர் கூப்பரின் 12 நிமிட ஓட்டம். ஓடிய மீட்டரில் 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுக்க வேண்டும். 2400 மீட்டர் ஓடியவனுக்கு 42.37 வரும், உடல் எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்கு அத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனை அவன் உடலால் அதிகபட்சம் பயன்படுத்த முடியும் என்று அர்த்தம். அடுத்த வாரமும் 2400 ஓடினால் அதே 42.37. ஆனால் முகமூடி மாட்டி மூச்சுக்காற்றையே அளந்தால் 47 என்று வரலாம். வேகத்தைப் பங்கிடத் தெரியாமல் முதல் இரண்டு நிமிடத்திலேயே களைத்துப்போனவனின் குறை இதயத்தில் இல்லை. சூத்திரத்துக்கு அது தெரியாது. திரும்பத் திரும்ப ஒரே எண் வருவது ஒன்று, அந்த எண் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது வேறு. முதலாவதை ‘நம்பகம்’ என்றால் மாணவர்கள் இரண்டாவதை எழுதிவைக்கிறார்கள். விடைத்தாள் திருத்தி அலுத்துவிட்டது.

இலக்கணப் பிரியர்:
தொல்காப்பிய உரியியலில் ‘நம்பு’ என்பதற்கு நசை, அதாவது விருப்பம், என்றே பொருள். அப்படிப் பார்த்தால் நம்பகமான தேர்வு என்பது நாம் விரும்பிய விடையைத் தரும் தேர்வு! ‘துல்லியம்’ வடமொழித் ‘துல்ய’, துலையோடு உறவுடையது. தராசுத் தட்டு சமமாக நிற்பது. அதுவும் வேண்டாம். என் முன்மொழிவு: செம்மை, நுண்மை, மாறாமை. மூன்றாவது எதிர்மறைத் தொழிற்பெயர், கச்சிதமானது.

உடற்கல்வி ஆசிரியர்:
ஐயா, சில வாரம் பயிற்சி எடுத்தவனுக்கு எண் மாறத்தானே வேண்டும்? அப்போதும் ‘மாறாமை’ காட்டினால் கருவி பழுது.

எளிய தமிழ்க் கட்சிக்காரர்:
அதேதான். ‘செம்மை’ என்றதும் செம்மொழி, செம்பதிப்பு என்றுதான் மனம் போகும். ‘துல்லியம்’ கிரிக்கெட் வர்ணனை வரை வந்துவிட்டது, அதை ஏன் துரத்துகிறீர்கள்? அப்புறம் ‘ஆக்சிஜன்’ இருக்கட்டும், ‘உயிர்வளி’ என்று மாற்றிவிடாதீர்கள்.

‘ஒட்சிசன்’ என்று படித்தவள்:
நாங்கள் ‘ஒட்சிசன்’ என்று படித்த ஆக்சிஜனுக்கு ‘அமிலம் ஆக்குவது’ என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது உண்டு என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே தவறாக நினைத்து வைத்த பெயர். உயிர்வளியில் பொய் இல்லை. சரி, இழைக்கு வருகிறேன். ‘மீளொப்பு’ எப்படி? மீண்டும் அளந்தால் ஒத்துவருவது. ஆள் மாறாதிருந்தால் எண்ணும் மாறாது என்பது அதில் அடங்கும்.

இலக்கணப் பிரியர்:
‘மீள்’ என்றால் தப்பித்தல் என்றும் பொருள் உண்டே.

உடற்கல்வி ஆசிரியர்:
12 நிமிடம் ஓடியவனைக் கேளுங்கள், அதுதான் பொருத்தம் என்பான். எனக்கு ‘மீளொப்பு’ பிடிக்கிறது. ‘நுண்மை’யும் இருக்கட்டும், 42.37-இல் புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த 37-க்கு அதுவே சரியான பெயர். நுண்மை நிறைய, உண்மை குறைவு. பாதி முயற்சியில் நிறுத்தும் சைக்கிள் தேர்வுகளில் இது இன்னும் மோசம். அங்கே உச்ச இதயத்துடிப்பை அளப்பதில்லை, 220-இல் வயதைக் கழித்து அதுதான் உச்சம் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒரே வயதுக்காரர் இருவருக்குள் 20 துடிப்பு வேறுபடுவது சாதாரணம்.

மொழிபெயர்ப்பாளர்:
கணக்கெடுத்தேன். ‘நம்பகத்தன்மை’க்கு ஐந்து பேர், ‘மீளொப்பு’க்கு இரண்டு, ‘மாறாமை’க்கு ஒருவர். ஐவரில் மூவர் ‘ஏதோ ஒன்று போடுங்கள்’ என்று தனிமடலில் சொன்னவர்கள். துல்லியம், நுண்மை, நம்பகத்தன்மை என்றே அனுப்புகிறேன். முதலில் வரும் இடத்தில் ‘மீண்டும் அளந்தாலும் ஒத்துவருதல்’ என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

இலக்கணப் பிரியர்:
என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

உடற்கல்வி ஆசிரியர்:
நல்லது. ஆனால் தலைப்பில் எஸ்டிமேட்டுக்கு ‘மதிப்பீடு’ என்றிருக்கிறது. உள்ளே அசெஸ்மென்ட்டுக்கும் அதே ‘மதிப்பீடு’. இது உத்தேசக் கணக்கு என்று மாணவனுக்குத் தெரிய வேண்டாமா?

இலக்கணப் பிரியர்:
‘உத்தேசம்’ வடசொல்.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, மணி ஒன்றரை. நான் தூங்கப் போகிறேன்.