சாலை நடுவே நின்று கடக்கும் திட்டுக்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

சாலையைக் கடப்பவர் நடுவில் சற்று நின்றுகொள்ளும் திட்டுக்கு (pedestrian refuge island) முன்வைக்கப்பட்ட ‘பாதசாரி அடைக்கலத் தீவு’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. காரைக்குடி நூறடிச் சாலையில் சற்று நேரம் நின்று பாருங்கள். சந்தைப் பையோடு வரும் ஆச்சி பாதிச் சாலையைக் கடந்ததும் நடுக்கோட்டில் நின்றுவிடுகிறார். முன்னால் ஒரு பஸ், முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்படியே நிற்கிறார். அந்த இடத்தில் இரண்டு மீட்டர் அகலத்தில் அவருக்கு ஒரு திட்டு வேண்டும். அதற்குத்தான் பெயர் தேடுகிறோம். அவர் அடைக்கலம் கேட்டு வரவில்லை, தம் ஊர்ச் சாலையைக் கடக்கிறார்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான்கு தடச் சாலையின் அகலம் 14 மீட்டர் என்று கொள்வோம். வினாடிக்கு 1.2 மீட்டர் நடந்தால் கடக்க ஏறத்தாழ 12 வினாடி ஆகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதற்குள் 130 மீட்டர் ஓடி வந்துவிடும். அருகிலுள்ள பக்கத்தில் அதில் பாதித் தூரமும் எதிர்ப் பக்கத்தில் அவ்வளவு தூரமும் ஒரே நேரத்தில் காலியாக இருந்தால்தான் சாலையில் இறங்கலாம். நடுவில் திட்டு இருந்தாலோ ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்தால் போதும், அதுவும் 65 மீட்டர்தான். நடை தளர்ந்த முதியவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர் காக்கும்.

‘ஒதுங்குதிட்டு’ என்ற இன்னொரு சொல் காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. மழைக்கு ஒதுங்குகிறோம் அல்லவா? ஆனால் வண்டிக்கு வழிவிட்டு நடப்பவர்தான் ஒதுங்க வேண்டும் என்ற பொருளும் அதில் ஏறிவிடுகிறது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடப்பவர்களை ஏற்கெனவே சாலையோரப் புழுதிக்கு ஒதுக்கிவிட்டோம், போதும். ‘நடுத்திட்டு’ என்றாலோ, சாலையை நெடுக இரண்டாகப் பிரிக்கும் மீடியனோடு குழம்பும்.

என் பரிந்துரை ‘கடவைத்திட்டு’. கடவை பழைய சொல். இலங்கையில் ‘பாதசாரிக் கடவை’ என்று இன்றும் வழங்குகிறது. எங்கே, எதற்காக என்ற இரண்டும் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

மறுமொழி:

ஐயா, கடவைத்திட்டு எனக்கும் பிடித்திருக்கிறது. ஓர் ஐயம் மட்டும்: திட்டு என்றால் ஏறி இறங்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் நினைத்துக்கொள்ள மாட்டாரா? சக்கர நாற்காலியில் வருபவர் என்ன செய்வார்?

மறுமொழி:

ஏறவே கூடாது அம்மா. இருபுறமும்தான் திட்டு, இடையில் சாலை மட்டத்திலேயே நடைவழி வெட்டிவிட வேண்டும். வரைபடத்தில் அந்த வெட்டையும் தனியாகப் பெயரிட்டுக் காட்டிவிட்டால் ஐயம் எழாது. ‘திட்டுவழி’ என்று வைத்துக்கொள்வோமா?